தங்கமீனுக்கு ஏற்ற இருப்பிடம்

(உழவர் பயிற்சி முகாமில் நிகழ்த்திய உரை)



கறவை மாட்டுக்குக் கொட்டகை அமைப்பது எப்படி, ஆழ்கூளக் கோழிக் கொட்டகையில் ஒரு கோழிக்கு எத்தனை சதுர அடி இடம் வேண்டும் என்றெல்லாம் இம்முகாமில் கேட்டிருப்பீர்கள். நான் இன்று தங்கமீனுக்கு வீடு அமைப்பதைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். "உழவனுக்குத் தங்கமீன் எதற்கு?" என்று சிலர் நினைக்கலாம். ஆனால் இன்று நம் ஊர்களில் பல வீடுகளில் பிள்ளைகள் ஆசைப்பட்டுக் கேட்கிறார்கள். நாமும் திருவிழாக் கடையிலிருந்தோ டவுனிலிருந்தோ இரண்டு மீன்களைப் பாலித்தீன் பையில் வாங்கி வருகிறோம். ஒரு கண்ணாடிக் கிண்ணத்தில் விடுகிறோம். ஒரு வாரத்தில் மீன் செத்து மிதக்கிறது. "நம் வீட்டுக்கு மீன் ராசி இல்லை" என்று சொல்லிவிட்டு, பிள்ளை அழுதால் மறுபடியும் இரண்டு மீன் வாங்குகிறோம்.

ராசியில் குறை ஒன்றும் இல்லை. பெரும்பாலும் மீனிலும் குறை இல்லை. நாம் கொடுத்த வீட்டில்தான் குறை. இதை நானே பட்டுத்தான் தெரிந்துகொண்டேன்.

என் வீட்டில் நடந்தது

சில ஆண்டுகளுக்கு முன் என் மகள் இரண்டு தங்கமீன்கள் கேட்டாள். வாங்கி, நான்கு லிட்டர் பிடிக்கும் கிண்ணத்தில் விட்டேன். கோயில் குளத்து மீனுக்குப் பொரி போடுவது போல மகளும் வேளைக்கு ஒரு பிடி பொரி போட்டாள். என் மனைவி நாள்தோறும் கிண்ணத்தைத் துலக்கி, பஞ்சாயத்துக் குழாய்த் தண்ணீரைப் புதிதாக நிரப்பினார். தண்ணீர் பளிங்கு போல் இருந்தது. நான்காம் நாள் ஒரு மீனும், ஆறாம் நாள் இன்னொரு மீனும் இறந்துவிட்டன. "அப்பா, தண்ணீர் சுத்தமாகத்தானே இருந்தது?" என்று மகள் கேட்டாள்.

எனக்குப் பதில் தெரிந்திருக்க வேண்டும். யூரியா இட்டால் மண்ணில் தழைச்சத்து என்னென்ன மாற்றம் அடைகிறது என்று பல ஆண்டுகளாக உங்களுக்குப் பாடம் சொல்லி வருகிறவன் நான். அதே மாற்றம் என் வீட்டு அலமாரியில் நான்கு லிட்டர் நீரில் நடக்காமல் நின்றுபோனதால்தான் மீன்கள் இறந்தன என்பதை அன்று நான் எண்ணிப் பார்க்கவில்லை. மகளின் கேள்விக்குரிய பதிலைத்தான் இன்று உங்களுக்குச் சொல்கிறேன்.

தங்கமீன் எப்படிப்பட்டது?

தங்கமீன் கெண்டை இனத்தைச் சேர்ந்தது. நம் பண்ணைக் குட்டைகளில் வளர்க்கும் கட்லா, ரோகு, சாதாக் கெண்டை ஆகியவற்றுக்கு உறவு. சீன நாட்டில் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே, குளத்து மீன்களில் பொன்னிறமாகத் தோன்றியவற்றைப் பொறுக்கியெடுத்து வளர்த்து இம்மீனை உருவாக்கினார்கள். 16-ஆம் நூற்றாண்டில் ஜப்பானுக்கும், 17-ஆம் நூற்றாண்டில் ஐரோப்பாவுக்கும் இது சென்றது. நம் நாட்டில் சென்னை கொளத்தூர் வண்ணமீன் வணிகத்துக்குப் பெயர் பெற்ற இடம் என்பது உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும்.

இம்மீனில் இரு பிரிவுகள் உண்டு. சாதாத் தங்கமீன், காமெட், சுபுங்கின் ஆகியவை நீண்ட உடல் உடையவை, வேகமாக நீந்துபவை. இவை ஓர் அடி நீளம் வரை கூட வளரும். ஒரண்டா, ரியூகின், பிளாக் மூர் ஆகியவை குட்டை உடலும் இரட்டை வாலும் உடையவை, மெல்ல நீந்துபவை. இவை சுமார் 15 முதல் 20 செ.மீ. வரை வளரும். கடையில் விரல் நீளத்தில் பார்க்கும் மீன் ஒரு குஞ்சு என்பதை நினைவில் வைக்க வேண்டும். நாம் கன்றுக்குட்டியின் அளவைப் பார்த்தா கொட்டகை கட்டுகிறோம்?

நன்றாக வளர்த்தால் இது 10 முதல் 15 ஆண்டுகள் வரை வாழும். 20 ஆண்டைத் தாண்டுவதும் உண்டு. இங்கிலாந்து நாட்டில் 1956-இல் ஒரு பொருட்காட்சிக் கடையில் பரிசாகக் கிடைத்த தங்கமீன் ஒன்று 1999-இல் தன் 43-ஆம் வயதில் இறந்தது. அப்படிப்பட்ட உயிர் நம் வீட்டில் ஆறு நாளில் இறக்கிறது என்றால் அதற்குக் காரணம் இருக்கத்தானே வேண்டும்?

கிண்ணம் ஏன் ஆகாது?

முதற்காரணம் பிராணவாயு. நீரில் பிராணவாயு கலப்பது நீரின் மேற்பரப்பு வழியாகத்தான். உருண்டைக் கிண்ணத்தில் கழுத்து வரை நீர் நிரப்பினால் மேற்பரப்பு ஒரு சாப்பாட்டுத் தட்டளவுகூட இராது. மேலும் நீர் சூடாகச் சூடாக அதில் கரையும் பிராணவாயு குறையும். 20 டிகிரி செண்டிகிரேடில் ஒரு லிட்டர் நீரில் சுமார் 9 மில்லிகிராம் பிராணவாயு கரையும். 30 டிகிரியில் சுமார் 7.5 மில்லிகிராம்தான் கரையும். விடியற்காலையில் குட்டை மீன்கள் மேலே வந்து வாய் பிளப்பதைப் பார்த்திருப்பீர்கள். கிண்ணத்து மீன் மேலே வந்து வாயசைப்பதும் அதே காரணத்தால்தான். அது நம்மிடம் பேசுவதாக எண்ணி நாம் மகிழ்கிறோம்.

இரண்டாவது காரணம் இன்னும் முக்கியமானது. மீன் தன் கழிவை அம்மோனியாவாகப் பெரும்பாலும் செவுள் வழியே நீரில் விடுகிறது. தின்னாமல் கிடக்கும் பொரியும் அழுகி அம்மோனியாவைத் தருகிறது. கூளம் ஈரமான கோழிக் கொட்டகைக்குள் நுழைந்தால் கண் எரிகிறதே, அதே அம்மோனியாதான். கோழிக்காவது சன்னல் வழியே காற்று வரும். நாமும் வெளியே வந்துவிடலாம். கிண்ணத்து மீன் அதற்குள்ளேயே மூச்சுவிட்டாக வேண்டும்.

அம்மோனியாவுக்கு நிறம் கிடையாது. ஆகவே தெளிந்த நீர் எல்லாம் நல்ல நீர் ஆகிவிடாது. என் மகளின் கேள்விக்கு முதல் பதில் இதுதான்.

இத்தாலி நாட்டின் ரோம் நகரில் 2005-ஆம் ஆண்டிலேயே உருண்டைக் கிண்ணத்தில் மீன் வைப்பதை நகராட்சி விதி போட்டுத் தடை செய்தார்கள். விதி வந்தாலும் வராவிட்டாலும், கிண்ணத்தைச் சாவி, சில்லறை போட்டு வைக்கப் பயன்படுத்துவதே நல்லது.

வயலில் நடப்பதே தொட்டியிலும்

யூரியாவை வயலில் இட்டால் அது முதலில் அம்மோனியாவாக மாறுகிறது. நைட்ரோசோமோனாஸ் போன்ற நுண்ணுயிர்கள் அதை நைட்ரைட்டாகவும், நைட்ரோபாக்டர் போன்ற வேறு நுண்ணுயிர்கள் அதை நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. மீன் தொட்டியிலும் இதே வேலை நடக்க வேண்டும். அம்மோனியா மீனுக்கு நஞ்சு. நைட்ரைட்டும் நஞ்சு, அது இரத்தம் பிராணவாயுவைச் சுமப்பதைக் கெடுக்கும். கடைசியில் வரும் நைட்ரேட்டின் தீமை மிகக் குறைவு. அதை வாரம் ஒருமுறை நீர் மாற்றி வெளியேற்றிவிடலாம்.

யூரியாவுடன் வேப்பம்புண்ணாக்குக் கலந்து இடச் சொல்கிறோம். நம் நாட்டில் தயாராகும் வேளாண் யூரியா முழுவதற்கும் வேப்பெண்ணெய் பூசுவது 2015-இல் கட்டாயமாக்கப்பட்டது. ஏன்? இந்த நுண்ணுயிர்களின் வேகத்தைத் தணித்து, தழைச்சத்து வீணாகாமல் காப்பதற்காக. வயலில் அவற்றின் வேகத்தைத் தணிக்கிறோம். தொட்டியில் அதே நுண்ணுயிர்களைப் பேணி வளர்க்க வேண்டும். தங்கமீன் வளர்ப்பின் இரகசியம் முழுவதும் இதில் அடங்கியிருக்கிறது.

இன்னொன்றையும் கவனியுங்கள். களர் நிலத்தில் யூரியா அதிகம் ஆவியாகி வீணாகும் என்று அறிவீர்கள். நீரிலும் அப்படியே. கார அமில நிலை 7-லிருந்து 8-க்கு ஏறினால் அம்மோனியாவின் நச்சு வடிவம் ஏறத்தாழப் பத்து மடங்கு ஆகிவிடும். நம் கிணற்று நீரும் ஆழ்குழாய் நீரும் பல இடங்களில் 8-ஐ ஒட்டியே இருக்கின்றன. ஆகவே நாம் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும்.

இந்த நுண்ணுயிர்கள் நீரில் மிதப்பவை அல்ல. கல், ஸ்பாஞ்சு, தொட்டிச் சுவர் ஆகியவற்றில் ஒட்டி வாழ்பவை. நாள்தோறும் கிண்ணத்தைத் துலக்கியபோது அவற்றையும் துலக்கி எறிந்துவிட்டோம். குழாய் நீரில் கலந்த பிளீச்சிங் பவுடரின் குளோரின் மிச்சமிருந்தவற்றையும் கொன்றது. மீனின் செவுளையும் அரித்தது. இது மகளின் கேள்விக்கு இரண்டாவது பதில்.

எவ்வளவு நீர் வேண்டும்?

குட்டை உடல் தங்கமீன் ஒன்றுக்குக் குறைந்தது 80 லிட்டர் நீர் வேண்டும். கூடுதலாக விடும் ஒவ்வொரு மீனுக்கும் 40 லிட்டர் சேர்த்துக்கொள்ள வேண்டும். நீண்ட உடல் மீன்களுக்கு வீட்டுக்குள் வைக்கும் தொட்டி போதாது. அவற்றுக்கு மீன் ஒன்றுக்கு 100 லிட்டருக்குக் குறையாமல், ஓடி நீந்தும் அளவுக்கு நீளமான சிமெண்டுத் தொட்டி வேண்டும்.

கணக்கு எளிது. தொட்டியின் நீளம், அகலம், நீரின் உயரம் ஆகியவற்றை அடியில் அளந்து ஒன்றோடொன்று பெருக்குங்கள். வரும் விடையை 28-ஆல் பெருக்கினால் லிட்டர் கிடைக்கும். 3 அடி நீளம், 1½ அடி அகலம், 1½ அடி உயரமுள்ள கண்ணாடித் தொட்டியில், விளிம்புக்கு 2 அங்குலம் கீழே நீரை நிறுத்தினால் சுமார் 168 லிட்டர் பிடிக்கும். இதில் மூன்று ஒரண்டாக்களைத் தாராளமாக வளர்க்கலாம். உயரமான ஒடுங்கிய தொட்டியைவிட, அகலமான தொட்டியே நல்லது. அகலம் கூடினால் மேற்பரப்பு கூடும். மேற்பரப்பு கூடினால் பிராணவாயு கூடும்.

"தொட்டியின் அளவுக்கு ஏற்றபடிதான் மீன் வளரும்" என்று சிலர் சொல்வார்கள். அது தவறு. சிறு தொட்டியில் மீன் வளராமல் நிற்பது கெட்ட நீரால் ஏற்படும் நலிவு. தீவனம் இல்லாத மாடு மெலிந்தால் அதைச் சிக்கனம் என்று சொல்வோமா?

கண்ணாடித் தொட்டி அமைத்தல்

மேற்சொன்ன அளவுத் தொட்டிக்கு 8 மி.மீ. கனக் கண்ணாடி ஏற்றது. நீர், கண்ணாடி எல்லாம் சேர்ந்து 200 கிலோவைத் தாண்டும். ஆகவே அலமாரிப் பலகை தாங்காது. இரும்புக் கோணச் சட்டத்தாலான தாங்கி வேண்டும். தாங்கியின் மேல் பலகையும், பலகையின் மேல் அரை அங்குலத் தெர்மோகோல் அட்டையும் இட்டு அதன்மேல் தொட்டியை வைக்க வேண்டும். மேடுபள்ளம் இருந்தால் கண்ணாடி விரிசல் விடும். புதுத் தொட்டியில் சிலிக்கான் பசையின் வாடை போகும்வரை காத்திருந்து, பின் நீர் நிரப்பி ஒரு நாள் வைத்துக் கசிவு பார்க்க வேண்டும்.

நேர் வெயில் படும் சன்னலோரமும், அடுப்படியும் ஆகாத இடங்கள். வெளிச்சம் இருந்து, வெயில் படாத நடைச் சுவரோரம் நல்லது.

அடியில் மெல்லிய ஆற்று மணல் சிறிதளவு, அல்லது மீனின் வாயில் நுழையாத பெரிய கூழாங்கல் இடலாம். கடலைப் பருப்பு அளவுக் கற்கள் வேண்டாம். தங்கமீன் எதையும் வாயிலிட்டுப் பார்க்கும், கல் தொண்டையில் சிக்கிக்கொள்ளும். கூரான சிப்பியும் பொம்மையும் வேண்டாம். ஒன்றும் இடாமல் வெறுமையாக விட்டாலும் குற்றமில்லை. துப்புரவு செய்வது எளிது.

வடிகட்டிதான் நாம் பேசிய நுண்ணுயிர்களின் குடியிருப்பு. காற்றுப் பம்பால் இயங்கும் பெரிய ஸ்பாஞ்சு வடிகட்டிகள் இரண்டு இத்தொட்டிக்குப் போதும். காற்றுப் பம்பை நீர் மட்டத்துக்கு மேலே வைக்க வேண்டும். கீழே வைத்தால் மின்சாரம் நிற்கும்போது நீர் குழாய் வழியே பம்புக்குள் இறங்கிவிடும். ஒயர் கொஞ்சம் கீழே தொங்கி மேலேறிப் பிளக்குக்குப் போகும்படி விட்டால், வழியும் நீர் பிளக்கைச் சேராது. மின்சாரம் நெடுநேரம் நின்றால் ஒரு சொம்பால் தொட்டி நீரையே மொண்டு அரை அடி உயரத்திலிருந்து பலமுறை ஊற்றுங்கள். அன்று உணவு போடாதீர்கள்.

தொட்டியின் மேல் காற்றோட்டமுள்ள மூடி கட்டாயம். தங்கமீன் சில சமயம் துள்ளி வெளியே விழும். பூனையும் வீட்டில் இருக்கும்.

சிமெண்டுத் தொட்டி

வீட்டுப் பின்புறத்தில் இடமுள்ளவர்களுக்குச் சிமெண்டுத் தொட்டியே மேலானது. 6 அடி நீளம், 4 அடி அகலம், 2½ அடி உயரம் போதும். 2 அடி நீர் நிறுத்தினால் 1,300 லிட்டருக்குச் சற்று மேல் பிடிக்கும். பத்து காமெட் மீன்களுக்கு இது நல்ல வீடு. தொட்டியின் ஒரு பகுதி தரைக்குக் கீழே இருந்தால் கோடையில் குளிர்ச்சியாக இருக்கும். ஆனால் விளிம்பு தரையிலிருந்து ஓர் அடியாவது உயர்ந்திருக்க வேண்டும். இல்லாவிடில் மழைக்காலத்தில் வயல் நீர் உரத்தையும் மருந்தையும் கரைத்துக்கொண்டு உள்ளே இறங்கும்.

புதுச் சிமெண்டிலிருந்து சுண்ணாம்பு கசிந்து நீரைக் காரமாக்கும். தொட்டியில் நீர் நிரப்பி, வாழைமரத் துண்டுகளைப் போட்டு ஊறவைத்து, நான்கைந்து நாளுக்கு ஒருமுறை நீரை வெளியேற்றி மறுபடி நிரப்ப வேண்டும். இரண்டு மூன்று வாரம் இவ்வாறு செய்தபின் நன்கு கழுவி, நீர் நிரப்பி, கார அமில நிலை காட்டும் தாளில் சோதியுங்கள். 7-க்கும் 8-க்கும் இடையில் நின்றால் தொட்டி தயார்.

மேலே தென்னங்கீற்றுப் பந்தலோ நிழல்வலையோ அமைக்க வேண்டும். தங்கமீனுக்கு உகந்த வெப்பநிலை 18 முதல் 24 டிகிரி. நம் சமவெளியில் அது எப்போதும் கிடைக்காது. ஆனால் நிழலும், ஆழமும், காற்றுக் குமிழும் இருந்தால் கோடையைத் தாண்டிவிடும். கோடையில் உணவைக் குறையுங்கள், பனிக்கட்டியைக் கொட்டாதீர்கள். திடீர் மாற்றம் வெப்பத்தைவிடக் கேடு.

தொட்டியை வலுவான கம்பி வலையால் மூடி வையுங்கள். மீன்கொத்தியும் காகமும் வராமல் இருப்பதற்கு மட்டும் அல்ல. இரண்டடி நீர் ஒரு சிறு குழந்தையின் உயிரைப் பறிக்கப் போதும். இதை ஒருபோதும் மறக்கலாகாது.

தண்ணீரைத் தயார் செய்தல்

பஞ்சாயத்து மேல்நிலைத் தொட்டி நீரில் பிளீச்சிங் பவுடர் கலந்திருக்கும். அந்நீரை வாயகன்ற பிளாஸ்டிக் டிரம்மில் ஒரு நாள் முழுவதும் திறந்து வைத்து, காற்றுக் குமிழ் விட்டபின் பயன்படுத்துங்கள். மருந்து கலந்த அன்று பிடித்த நீரானால் இரண்டு நாள் வையுங்கள். அவசரமானால் வண்ணமீன் கடைகளில் கிடைக்கும் குளோரின் நீக்கும் மருந்தைச் சீட்டில் கண்ட அளவில் இடலாம். ஆழ்குழாய் நீரில் குளோரின் இல்லை. ஆனால் பிராணவாயு மிகக் குறைவு. அதையும் ஒரு நாள் காற்றாட வைக்க வேண்டும். செம்பு, பித்தளைக் குடங்களில் மீனுக்கான நீரைச் சேமிக்கலாகாது. செம்பு மீனுக்கு நஞ்சு.

முதலில் தொட்டியைப் பழக்குங்கள்

இதுதான் பெரும்பாலோர் தவிர்த்துவிடும் படி. நிலத்தைப் பண்படுத்தாமல் விதைப்பதில்லை. தொட்டியையும் பண்படுத்தாமல் மீன் விடக்கூடாது. நீர் நிரப்பி, வடிகட்டியை ஓட்டி, நாள்தோறும் ஒரு சிட்டிகை மீன் உணவு போடுங்கள். அது அழுகி அம்மோனியா தரும். அதைத் தின்னும் நுண்ணுயிர்கள் மெல்லப் பெருகும். இதற்கு நான்கு முதல் ஆறு வாரம் பிடிக்கும். நன்றாக மீன் வளர்ப்பவர் வீட்டுத் தொட்டியிலிருந்து பழைய ஸ்பாஞ்சு ஒன்று வாங்கி வந்து வைத்தால் காலம் குறையும். அது தயிருக்குப் பிரை ஊற்றுவது போல.

அம்மோனியா, நைட்ரைட், நைட்ரேட் பார்க்கும் சோதனைப் பெட்டி வண்ணமீன் கடைகளில் கிடைக்கிறது. மண் பரிசோதனை செய்து உரமிடும் உழவருக்கு இது புதிதல்ல. முதல் இரண்டும் பூச்சியம், நைட்ரேட் மட்டும் தெரிகிறது என்றால் தொட்டி பழகிவிட்டது என்று பொருள். ஒரே நாளில் எல்லா மீன்களையும் விடாமல் முதலில் ஒன்று, இரண்டு வாரம் கழித்து மற்றொன்று என்று விடுங்கள்.

சந்தையில் வாங்கிய ஆட்டை அன்றே மந்தையில் சேர்க்கமாட்டோம். அதுபோலப் பிறகு வாங்கும் மீனை இரண்டு மூன்று வாரம் தனித் தொட்டியில் வைத்துப் பார்க்க வேண்டும். பையைத் தொட்டி நீரில் 20 நிமிடம் மிதக்கவிட்டு, தொட்டி நீரைச் சிறிது சிறிதாகப் பையில் சேர்த்து, பிறகு மீனை மட்டும் வலையால் எடுத்து விடுங்கள். பை நீரைத் தொட்டியில் ஊற்றாதீர்கள்.

வாராந்தரப் பராமரிப்பு

வாரம் ஒருமுறை நான்கில் ஒரு பங்கு நீரைக் குழாய் வைத்து அடியிலிருந்து உறிஞ்சி எடுத்து, தயார் செய்த நீரை அதே சூட்டில் நிரப்ப வேண்டும். முழு நீரையும் மாற்றுவது கூடாது. ஸ்பாஞ்சை வெளியே எடுத்த தொட்டி நீரிலேயே பிழிந்து அலசுங்கள். குழாய் நீரிலோ சோப்பிலோ கழுவினால் நுண்ணுயிர்க் குடியிருப்பையே கலைத்துவிடுவீர்கள். எடுத்த நீர் வீணல்ல. அதில் நைட்ரேட் இருக்கிறது. மருந்தோ உப்போ கலக்காத நீரானால் கத்தரி, மிளகாய்ச் செடிக்கும், கறிவேப்பிலைக்கும் ஊற்றுங்கள்.

உணவு நாளுக்கு இருவேளை, இரண்டு மூன்று நிமிடத்தில் தின்று முடிக்கும் அளவு மட்டுமே. தங்கமீனுக்கு இரைப்பை கிடையாது; சிறிது சிறிதாகத் தின்னும் பிராணி அது. மிதக்கும் தீவனத்தைவிட மூழ்கும் தீவனம் நல்லது. வேகவைத்துத் தோலுரித்த பட்டாணியும், மாட்டுக்கு வளர்க்கும் அசோலாவும் கொடுக்கலாம். அசோலாவை நல்ல நீரில் அலசிக் கொடுங்கள். பொரி, சோறு, ரொட்டி வேண்டாம்.

பூச்சிமருந்து எச்சரிக்கை

உழவர் வீட்டு மீனுக்கு மற்றவர் வீட்டில் இல்லாத ஓர் ஆபத்து உண்டு. சைபர்மெத்ரின் போன்ற பைரித்ராய்டு மருந்துகள் மிக நுண்ணிய அளவிலேயே மீனைக் கொல்லும். மருந்து தெளித்துவிட்டு வந்த கையோடு தொட்டியைத் தொடாதீர்கள். குளித்து உடை மாற்றியபின் வாருங்கள். தெளிப்பான் கழுவிய வாளியில் மீன் தண்ணீர் பிடிக்காதீர்கள். அருகிலுள்ள வயலில் தெளிக்கும்போது வெளித்தொட்டியைப் பாலித்தீன் தாளால் மூடி, தெளிப்பு முடிந்ததும் எடுத்துவிடுங்கள். கொசுவத்தியும் கொசுமருந்துத் தெளிப்பும் பெரும்பாலும் இதே வகை மருந்துதான். காற்றுப் பம்பு அறைக் காற்றை இழுத்து நீருக்குள் செலுத்துகிறது என்பதை நினையுங்கள். மீன் இருக்கும் அறையில் அவற்றைத் தவிர்க்க வேண்டும்.

குளத்தில் விடாதீர்கள்

வளர்க்க முடியாமல் போனால் "பாவம், பிழைத்துப் போகட்டும்" என்று ஏரியிலோ வாய்க்காலிலோ பண்ணைக் குட்டையிலோ விடுவது பெருந்தவறு. இது நம் நாட்டு மீன் அல்ல. அடிச்சேற்றைக் கிளறி நீரைக் கலக்கும்; மற்ற மீன்களின் இரையைப் பங்கிடும். கெண்டை இனத்தைத் தாக்கும் மீன் பேனும் நங்கூரப் புழுவும் தங்கமீனோடு வந்து, உங்கள் கட்லா, ரோகு மீன்களில் பரவக்கூடும். இரண்டு மீனுக்குக் காட்டிய இரக்கம் ஒரு குட்டை மீனைக் கெடுத்துவிடலாம். வேண்டாத மீனைக் கடைக்காரரிடமோ வேறு வளர்ப்பாளரிடமோ கொடுத்துவிடுங்கள்.

முடிவாக

பெருமக்களே! இவ்வளவு ஏற்பாடும் ஒரு சிறு மீனுக்கா என்று தோன்றலாம். இவ்வளவும் செய்ய இயலாது என்றால் தங்கமீன் வாங்காமல் இருப்பதே அதற்குச் செய்யும் நன்மை. அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. வாங்கினால் மட்டும் முதலில் வீட்டை அமையுங்கள். பிறகு மீனைக் கொண்டுவாருங்கள்.

என் மகளிடம் அன்று நான் தவறு என்னுடையது என்று ஒப்புக்கொண்டேன். பிறகு நாங்கள் இருவரும் சேர்ந்து மூன்றடித் தொட்டி அமைத்தோம். மீன் இல்லாத வெறுந்தொட்டிக்கு ஐந்து வாரம் உணவு போட்டோம். பக்கத்து வீட்டார் சிரித்தார்கள். இன்று அதில் இரண்டு ஒரண்டாக்கள் ஐந்தாம் ஆண்டாக வாழ்கின்றன. ஞாயிறுதோறும் நீரை எடுத்துக் கறிவேப்பிலைச் செடிக்கு ஊற்றுவது மகளின் வேலை. அம்மோனியா எப்படி நைட்ரேட் ஆகிறது என்பதை அவள் பள்ளிப் பாடம் வருமுன்பே தெரிந்துகொண்டாள்.

உங்கள் வீட்டுப் பிள்ளைகளும் ஓர் உயிரை ஆறு நாளில் இழந்து அழாமல், ஆண்டுக்கணக்கில் பேணி வளர்த்து மகிழ வேண்டும் என்று விரும்புகிறேன்.